கூட, கூடாது, கூடை

கேள்வி: அமெரிக்காவில் அந்தக் காலத்திலேயே பெண்கள்கூடப் பள்ளி அளவில் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப் ஆடினார்களாமே, உண்மையா?

பதில்: ஆடினார்கள். ஆனால் என்னை உறுத்துவது உங்கள் 'கூட'. அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் பகை. 'பெண்கள்கூட விமானம் ஓட்டுகிறார்கள்' என்று வரும் கட்டுரைகளில் அதை அடித்து அடித்தே என் சிவப்பு மை தீர்ந்திருக்கிறது.

அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இப்படிக் கேட்டிருந்தால், 'ஆமாம், பையன்கள்கூட ஆடினார்கள்' என்று பதில் வந்திருக்கும். அங்கே மாணவியருக்கான மாநிலப் போட்டி 1920-இல், டிரேக் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முதல் பட்டத்தை வென்றது கரெக்‌ஷன்வில். தமிழில் திருத்தவூர் என்று வைத்துக்கொள்ளலாம். நில அளவையின் திருத்தக் கோட்டால் வந்த பெயர்தான் என்றாலும், பிழை திருத்திப் பிழைக்கிறவனுக்கு அந்த ஊர்மேல் தனிப் பிரியம் உண்டு.

1925-இல் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம், கூட்டத்தின் முன்னால் போட்டியிட்டு ஆடுவது பெண்களுக்கு ஆகாது என்ற அன்றைய கல்வியாளர் கருத்தை ஏற்று, 'கூட'வைக் 'கூடாது' ஆக்கியது. 'ரயில் வரும்போது தண்டவாளத்தின் நடுவே நிற்கிறீர்கள்' என்று எதிர்த்தவர்களில் ஒருவர் எச்சரித்ததாக அயோவாவில் இன்றும் சொல்வார்கள். அவர் சொன்னபடியே, சிற்றூர்ப் பள்ளி நிர்வாகிகள் பெண்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்து, 1926 முதல் போட்டியைத் தாங்களே நடத்தினார்கள்.

அவர்கள் ஆட்டத்திலும் 'கூடாது'களுக்குக் குறைவில்லை. அணிக்கு ஆறு பேர். மூவர் கூடையில் போட, மூவர் தடுக்க. நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, பந்தை இரண்டு முறைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது. பெண்கள் களைத்துவிடுவார்கள் என்ற கவலையில் பிறந்த இந்தக் கட்டுப்பாடு, முன்வரிசை மூவரைக் குறி தவறாதவர்களாக்கிவிட்டது. 1968 இறுதியாட்டத்தில் எவர்லி அணியின் ஜீனட் ஓல்சன் 76 புள்ளிகள் எடுத்தும் தோற்றார். 64 எடுத்த டெனிஸ் லாங்கின் யூனியன்-விட்டன் அணி, கூடுதல் நேரத்தில் 113-107 என்று வென்றது. மறு ஆண்டு சான்பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணி லாங்கைத் தேர்ந்தெடுக்க, அந்த அணிகள் ஆடும் தொடரை நடத்தும் என்.பி.ஏ.வின் தலைமை அதைச் செல்லாதென்றது. மறுபடியும் கூடாது!

அறுவர் ஆட்டத்தைப் புகழ்ந்து அழுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். தடுக்கும் மூவர் ஆண்டு முழுக்க ஆடினாலும் ஒரு பந்தைக்கூடக் கூடையில் போட முடியாது. பிறகு ஐவர் ஆட்டம் ஆடும் கல்லூரிக்குப் போய் என்ன செய்வார்கள்? 1993-இல் அயோவா அதைக் கைவிட்டது சரிதான்.

பக்கத்து மாநிலமான இலினாயில் மாணவியருக்கான முதல் மாநிலக் கூடைப்பந்துப் போட்டி 1977-இல்தான் நடந்தது. உங்கள் 'கூட'வை அந்த முகவரிக்கு அனுப்பிவிடுங்கள்.