வாசகர் கேள்வி: ஒரே டிவியில் நான்கு பழைய கேம் பெட்டிகள்

கேள்வி: என் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த நிண்டெண்டோ என்.இ.எஸ்., பிறகு சிங்கப்பூரில் வாங்கிய முதல் மாடல் சேகா மெகா டிரைவ், சோனி பிளேஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2 ஆகிய நான்கும் பரணிலிருந்து இறங்கி வந்து, இன்னும் நன்றாக ஓடுகின்றன. எங்கள் எல்.இ.டி. டிவியிலோ ஒரே ஒரு ஏவி துளைதான் இருக்கிறது. ‘ஒய்’ பின்களை வாங்கி நான்கையும் ஒன்றாகச் சேர்த்து மாட்டிவிடலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: படத்துக்குரிய மஞ்சள் வயர்களை அப்படிச் சேர்த்துவிடாதீர்கள். ஒவ்வொரு பெட்டியும் 75 ஓம் மின்தடை கொண்ட ஒரே ஒரு டிவிக்குப் படம் அனுப்புவதற்காகச் செய்யப்பட்டது; இன்னொரு பெட்டியின் வெளியீட்டை அதே வயரில் சேர்த்தால், அந்தப் பெட்டி அணைந்திருந்தாலும் சிக்னலில் ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும், படம் மங்கிவிடும். இதற்கென்றே நான்கு உள்ளீடும் ஒரு வெளியீடும் கொண்ட ஏவி செலக்டர் பெட்டி கிடைக்கிறது. தானாக மாறும் வகையைவிட, பட்டனை ‘டக்’கென்று அழுத்தி மாற்றும் சாதாரண வகையே என் தேர்வு. அதற்கு மின்சாரம் வேண்டாம். கெட்டுப்போவதற்கும் உள்ளே அதிகம் இல்லை.

அதற்கு முன், நான்கு பெட்டிகளும் தேவையா என்று பாருங்கள். பிளேஸ்டேஷன் 2 முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகளையும் ஓட்டும், அதன் மெமரி கார்டையும் ஏற்கும். இந்த டிஸ்க்குகள் பொதுவாக அந்தந்தப் பகுதிக்குரிய பெட்டியில்தான் ஓடும்; உங்களுடைய இரண்டும் ஒரே ஊரில் வாங்கியவை என்பதால், பழைய டிஸ்க்குகளைப் புதியதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓடினால் ஒரு பெட்டி பரணுக்குத் திரும்பலாம். ஓடாவிட்டாலும் கவலையில்லை, இரண்டுக்கும் ஏவி கேபிள் ஒன்றேதான்.

ஒலியில்தான் கொஞ்சம் வேலை இருக்கிறது. என்.இ.எஸ்.ஸின் வலப்பக்கத்தில் மஞ்சள், சிவப்பு என்று இரண்டே துளைகள் இருக்கும். அதன் ஒலி ஒற்றை ஒலி என்பதால், வயரை அப்படியே மாட்டினால் டிவியின் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டுமே பாடும். நீங்கள் கேட்ட ‘ஒய்’ பின் இங்கேதான் பயன்படும்: சிவப்பிலிருந்து வரும் ஒலியை இரண்டாகப் பிரித்து, செலக்டரின் வெள்ளை, சிவப்பு இரண்டிலும் செருகிவிடலாம். மெகா டிரைவின் முதல் மாடலிலும் பின்னால் இருந்து ஒற்றை ஒலிதான் வரும், ஆனால் முன்பக்க ஹெட்போன் துளையில் ஸ்டீரியோ வருகிறது. ஆகவே படத்தைப் பின்னாலிருந்தும், ஒலியை முன்னாலிருந்து ஒரு சிறு கேபிள் வழியாகவும் எடுத்து, பக்கத்திலுள்ள நழுவு கட்டையால் ஒலியளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். பார்க்க அழகாக இராது. கேட்க நன்றாக இருக்கும்.

செலக்டரிலிருந்து டிவிக்குப் போகும் கேபிள், டிவியோடு வந்ததாகவே இருக்கட்டும். கடையில் அதே போலத் தெரியும் சிறு பின் கேபிளில், பின்னின் மேலுள்ள உலோக வளையங்களின் வரிசை மாறியிருக்கக்கூடும். படம் வராமல் ஸ்பீக்கரில் உறுமல் மட்டும் கேட்டால், மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

படம் மசமசவென்று தெரிந்தால் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். என்.இ.எஸ்.ஸும் மெகா டிரைவும் பெரும்பாலும் 240 கோடுகளுக்குள் அடங்கும் முழுப் படங்களை அனுப்புகின்றன. புதிய டிவிகள் பலவும் அவற்றை 480 கோட்டுப் படத்தின் பாதிகள் என்று எண்ணி இரண்டிரண்டாகத் தைக்கின்றன. ஒரு காட்சி விட்டு ஒரு காட்சியாகச் சிமிட்டிக் காட்டப்படும் நிழல்கள் இதனால் மறைந்தோ, கோடுகோடாகவோ தெரியும். கட்டை விரல் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் வீரன் குதிப்பதற்கும் இடையே தாமதமும் சேரும். முதலில் டிவியின் ‘கேம் மோடு’ வசதியைப் போட்டுப் பாருங்கள். போதாவிட்டால் 240 கோட்டுப் படத்தைச் சரியாக அடையாளம் காணும் ரெட்ரோடிங்க் போன்ற கருவி ஒன்றைச் செலக்டருக்குப் பிறகு வையுங்கள். நான்கு பெட்டிக்கும் ஒன்றே போதும். ஏவி சிக்னலை டிவியின் எச்.டி.எம்.ஐ. துளைக்கு ஏற்ப மாற்றித்தரும் மலிவான மாற்றியை வாங்குவதானால், அட்டையில் ‘ஏவியிலிருந்து எச்.டி.எம்.ஐ.’ என்று இருக்கிறதா என்று இருமுறை படியுங்கள். எதிர்த்திசையில் வேலை செய்யும் பெட்டியும் அச்சு அசல் அதே உருவத்தில் விற்கிறது. நானே ஒருமுறை அதை வாங்கிவந்து அரை நாள் முழித்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க என்.இ.எஸ்.ஸின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, அதைவிட முக்கியமாக, அது வெளியே தருவது 9 வோல்ட் மாறுமின்னோட்டம் (ஏ.சி.). மெகா டிரைவுக்கு வேண்டியது நேர்மின்னோட்டம் (டி.சி.), அதுவும் பின்னின் நடுவில் எதிர்முனை. இரண்டின் பின்னும் ஒன்றில் ஒன்று பொருந்தும் என்பதால், இருட்டில் தடவி மாற்றிச் செருகினால் மெகா டிரைவ் பழுதாகிவிடக்கூடும். ஒவ்வொரு அடாப்டரிலும் இரு முனையிலும் டேப் ஒட்டிப் பெட்டியின் பெயரை எழுதுங்கள். நம் வீட்டு மின்சாரத்தை 120 வோல்ட் அளவுக்குக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரில் செருக வேண்டியதைத் தனி எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வைத்து, அதை மற்றதோடு கலக்காதீர்கள்.

கேள்வி: என்.இ.எஸ்.ஸோடு வந்த துப்பாக்கி, பழைய டிவியில் வாத்துகளைச் சுட்டது. புதிய டிவியில் ஒரு வாத்தும் விழவில்லை. கேபிளை மாற்றினால் சரியாகுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: எந்தக் கேபிளும் உதவாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் உணர்வான் அந்த ஒளியைத் தேடும். பழைய டிவியின் பிக்சர் டியூபில் அந்த வெளிச்சம் நொடிக்கு ஏறத்தாழ 15,700 கோடுகள் என்ற வேகத்தில் துடிக்கும், துப்பாக்கி அந்தத் துடிப்புக்கே இசைக்கப்பட்டது. எல்.இ.டி. திரையில் அந்தத் துடிப்பும் இல்லை, வெள்ளைக் கட்டமும் தாமதமாக வருகிறது. பழைய டிவியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அதே போன்ற அமெரிக்க என்.இ.எஸ்., எங்கள் பழைய டிவியில் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது. ஏன்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பெட்டி அமெரிக்க என்.டி.எஸ்.சி. முறையில் நிறத்தை அனுப்புகிறது. உங்கள் டிவி நம் நாட்டு பி.ஏ.எல். முறைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மெனுவில் ‘கலர் சிஸ்டம்’ என்பதை ‘ஆட்டோ’ அல்லது ‘என்.டி.எஸ்.சி. 3.58’ என்று மாற்றுங்கள். அந்த மெனுவே இல்லாத டிவி என்றால், அதில் வண்ணம் வராது.