கொஞ்சூண்டு காற்று என்ன செய்யும்?

கேள்வி: அணு உலையில் ஆவி குளிர்ந்து நீராவதைக் காற்று கெடுக்கிறதாமே, கொஞ்சூண்டு காற்று அப்படி என்ன செய்துவிடும்?
- ஒரு வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: குக்கரில் ஆவி நன்றாகச் சீறிய பிறகுதான் வெயிட் போடச் சொல்வார்கள், இல்லையா? உள்ளே இருக்கும் காற்று வெளியேறட்டும் என்றுதான். உலையிலும் இதே தொல்லை. ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராக வழிந்துவிடும், ஆனால் கூடவே வந்த காற்று திரவமாகாது, போக இடமில்லாமல் சுவரோரமே போர்வை மாதிரி தங்கிவிடும், அப்புறம் வருகிற ஆவி அதற்குள் முண்டியடித்துத்தான் சுவரைத் தொட வேண்டும். எடையில் 0.5 சதவீதம் காற்று இருந்தாலே, ஓட்டமில்லாத ஆவியில் வெப்பக் கடத்தல் பாதி அளவுக்கும் கீழே போகலாம்! ஆவி வேகமாக ஓடினால் பாதிப்பு குறைவு.

விபத்து நேரத்தில் இன்னும் மோசம். எரிபொருள் உறையில் இருக்கும் சிர்கோனியம் என்ற உலோகம், சூடேறி ஆவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும், அதுவும் திரவமாகாத ஜாதி. ஏபி1000 என்ற வகை அணு உலையில், விபத்தில் வெளிவரும் ஆவி உலையைச் சூழ்ந்திருக்கும் எஃகுக் கூட்டின் உட்சுவரில்தான் குளிர வேண்டும், அதனால் காற்றையும் கணக்கில் சேர்த்தே வடிவமைக்கிறார்கள்.

நம் மலேசியாவின் பாங்கி உலைக்கு இந்தக் கவலை இல்லை, சரியா? 1982-இல் தொடங்கிய அந்த 1 மெகாவாட் ஆராய்ச்சி உலை திறந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கிறது, ஆவியைச் சுவரில் குளிரவைக்கும் வேலையே அங்கே இல்லை.