சம்சாரம்னு எழுதாதீங்க டீச்சர்

"அன்புள்ள அக்கா, டிசம்பர் 22 கணித நாளுக்கு ஸ்கூல்ல அமெரிக்கக் கணிதவியலாளர் ஜூலியா ராபின்சன் பத்தி சார்ட் போடறோம். 'பெர்க்லி பேராசிரியர் ரஃபேல் ராபின்சனின் மனைவி'ன்னு ஆரம்பிச்சிருக்கேன். விருதெல்லாம் வரிசையா சொல்லுங்க. ஹில்பர்ட்டோட பத்தாவது கணக்க முடிச்சது மத்தியசேவிச்தானே, இவங்க பங்கு என்ன? ராமானுஜன் படத்து பக்கத்துல வைக்கலாமா?"
– ஒரு டீச்சர், மன்னார்குடி பக்கம்

டீச்சர்,

படத்த எங்க வேணா வைங்க. பங்கு கேட்டீங்களே, எந்தச் சமன்பாட்டக் குடுத்தாலும் முழு எண்ல விடை இருக்கா இல்லையான்னு சொல்லிடற பொதுவழி வேணும்னு 1900ல ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் தன்னோட கணக்குப் பட்டியல்ல பத்தாவதா கேட்டாரு, 2, 4, 8, 16ன்னு போற அடுக்கு எண் மாதிரி கிடுகிடுன்னு வளர்றத வெறும் சமன்பாட்டுல புடிச்சிட்டா அப்படி ஒரு வழியே கெடையாதுன்னு ஆயிடும்ங்கற வரைக்கும் ஜூலியாவும் கூட வேலை செஞ்ச டேவிஸ், புட்னமுமா மூணு பேரும் 1961லயே கொண்டாந்துட்டாங்க, 1970ல 22 வயசு ரஷ்யக்காரர் மத்தியசேவிச், முன்னாடி ரெண்டு எண்ணக் கூட்டினா அடுத்தது வர்ற பிபனாச்சி எண்கள வச்சு அதப் புடிச்சாரு. வருஷா வருஷம் பொறந்தநாள் மெழுகுவத்தி ஊதறப்ப அந்தக் கணக்கு முடியணும்னுதான் ஜூலியா வேண்டிக்குவாங்களாம், நாந்தான் முடிக்கணும்னு இல்ல.

அந்த மனுஷிய மொத வரியிலயே சம்சாரம்னு எழுத எப்படிம்மா மனசு வந்துது? புருஷன் இருக்கற டிபார்ட்மெண்ட்ல பொண்டாட்டிக்கு வேலை இல்லங்கற விதியால கணக்குத் துறைக்கு வெளியவே நின்னவங்க. அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமிக்குத் தேர்வான மொத பெண் கணிதவியலாளர், அந்த சேதி வந்தப்ப கூட யாரு ஜூலியான்னு கேட்டதுக்கு டிபார்ட்மெண்ட்ல 'புரொஃபசர் சம்சாரம்'னுதான் சொன்னாங்களாம். முழுப் பேராசிரியர் பதவியே அதுக்கப்புறம்தான்.

எங்க பெரியப்பா கணக்கு வாத்தியாரு. நெலம் வாங்க விக்க, பாகம் பிரிக்கன்னு வர்றவங்க திண்ணையில ஒக்காந்து அவரத்தான் கேப்பாங்க, அடுப்பங்கரைலேர்ந்து பெரியம்மாதான் மனக்கணக்காவே சொல்லும், ஏழு மா நாப்பது குழின்னா எத்தன சென்ட், கலம் என்ன வெலைன்னா மரக்கா எவ்ளோ, பேப்பர் கெடையாது பென்சில் கெடையாது, வந்தவங்க 'வாத்தியாரு கணக்குன்னா கணக்குதான்'னுட்டு எந்திரிச்சிப் போவாங்க. பெரியம்மா போனப்ப அடிச்ச கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லயும் பெரியப்பா பேரு பெருசு, அதுக்குக் கீழ 'அவர்களின் துணைவியார்', அதுக்கும் கீழ பொடி எழுத்துல பெரியம்மா பேரு. வெண்ணாத்தங்கரைலேர்ந்து திரும்பி வர்றப்ப பஸ் ஸ்டாண்டு செவுத்துல அதப் பாத்து அழுதேன்.

விருதா? 1983ல மெக்ஆர்தர் பரிசு, அதே வருஷம் அமெரிக்கக் கணிதக் கழகத் தலைவர், அந்த நாற்காலில ஒக்காந்த மொத பெண். 1985ல ரத்தப் புத்துநோய்ல போயிட்டாங்க, 65 வயசு. இத அடியில எழுதிக்கலாம். மேல அவங்க பேர மட்டும் பெருசா எழுதுங்க, எழுதிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.