கரியிலிருந்து வெள்ளைப் புகை, கறியில் கசப்பு: என்ன கலந்திருக்கிறார்கள்?

கலப்படம் இல்லை, வேகாத கட்டைதான். கரி மூட்டியதும் அரை மணி நேரம் வெள்ளைப் புகை வந்து, அதில் சுட்ட சிக்கன் கசந்தது என்கிறீர்களே, அந்தக் கசப்பு விறகுப் புகையில் இருக்கும் தாருடையது.

நம்மூரில் மூட்டையில் வரும் மரக்கரி பெரும்பாலும் சீமைக்கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கட்டைகளை அடுக்கி, வைக்கோல் போட்டு ஈரமண்ணால் மூடி, காற்று அதிகம் புகாமல் நாட்கணக்கில் புழுங்க விடுவார்கள். மூட்டத்தை அவசரப்பட்டுப் பிரித்தால் தடித்த கட்டையின் நடுப்பகுதி மரமாகவே நின்றுவிடும். காவல் இருந்து கரி எடுப்பது லேசான வேலை இல்லை. நல்ல கரிக்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுங்கள்.

பெரிய துண்டு நாலைந்தை உடைத்துப் பாருங்கள். உள்ளே பழுப்பு நிறம் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள், அடுப்பெரிக்க ஆகும். முழுக்கக் கறுத்து, தட்டினால் கணீரென்றால் நல்ல கரி. எதுவானாலும் மேலே சாம்பல் பூத்த பிறகே கம்பியை வையுங்கள்.

உள்ளே கறுப்பாக இருந்தும் புகைந்தால் ஈரம் காரணமாக இருக்கலாம், ஒருநாள் வெயிலில் காய வையுங்கள். வாங்கியது மரக்கரி இல்லாமல் அச்சில் அழுத்திய கட்டி என்றால் இந்தச் சோதனை செல்லாது; அது கரித்தூளை மாவுப்பசையில் பிசைந்து செய்வது.

புகை நின்றுவிட்டதே என்று மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.