புரோட்டீன் பவுடரையும் வைட்டமின் மாத்திரைகளையும் ஒன்றாக எடுக்கலாமா?

ஜிம்முக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன், காலையில் புரோட்டீன் பவுடர், மல்டிவைட்டமின், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொள்கிறேன், ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புரோட்டீனுக்கும் வைட்டமினுக்கும் தகராறு எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துவிட்டீர்களே, அங்கேதான் காசு வீணாகிறது. எங்கள் வீட்டில் பட்ட பிறகுதான் எனக்கே தெரியும்.

என் மனைவிக்கு ஹீமோகுளோபின் 9.8. மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் இரும்பு மாத்திரை போட்டும் 10-ஐத் தாண்டவில்லை. "எதோட சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டார். பாலில் கலக்கிய புரோட்டீன் பவுடர், அதே டம்ளரோடு கால்சியம், இரும்பு, பத்து நிமிஷத்தில் ஃபில்டர் காபி. டாக்டர் சிரித்துவிட்டார். பாலிலும் மாத்திரையிலும் இருக்கிற கால்சியம் இரும்பை உடம்பில் சேர விடாமல் தடுக்கும், தப்பித்ததைக் காபி பார்த்துக்கொள்ளும். அப்புறம் இரும்பைப் பதினோரு மணிக்கு எலுமிச்சை ஜூஸோடு மாற்றினோம் (வைட்டமின் சி இரும்பு சேர உதவும்), கால்சியம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. அடுத்த டெஸ்டில் 11.4. மாத்திரை அதேதான்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதை. அதற்கும் கால்சியம், இரும்பு, மல்டிவைட்டமினுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இரண்டாவது சிக்கல், ஒரே சத்து நாலு டப்பாவில் ஒளிந்திருப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா டப்பாவையும் மேஜையில் பரப்பி லேபிளைப் படித்தேன். வைட்டமின் டி3 மல்டிவைட்டமினில் இருக்கிறது, கால்சியம் மாத்திரையில் இருக்கிறது, புரோட்டீன் டப்பாவில்கூடச் சேர்த்திருக்கிறார்கள். இது போதாதென்று டாக்டர் எட்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் பாக்கெட்டை, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதக்கணக்காக வாங்கிக் குடிப்பவர்களும் உண்டு, என்னையும் சேர்த்து. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் பெரியவர்களுக்குத் தினசரி உச்சவரம்பு 4,000 யூனிட்தான். ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, கூடுதலானதை உடம்பு சேர்த்து வைத்துக்கொள்ளும். டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், கடைசியில் கிட்னி வரை போகும். கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள் வைட்டமின் ஏ விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

"பி காம்ப்ளக்ஸ் கூடினால் சிறுநீரில் போய்விடும்" என்பது முழு உண்மை இல்லை. மஞ்சளாகப் போகிறதே, அது பி2, பயப்பட வேண்டாம். ஆனால் பி6-ஐ அதிக அளவில் ரொம்ப நாள் எடுத்தால் கை கால் மரத்துப் போகும்.

சரி, புரோட்டீன் எவ்வளவு? ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்குப்படி ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 65 கிலோ ஆளுக்குச் சுமார் 54 கிராம். வெயிட் தூக்குபவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். ஒரு ஸ்கூப்பிலேயே பெரும்பாலும் 24 கிராம் கிடைத்துவிடுகிறது, இரண்டு முட்டையில் 12 கிராம் வந்துவிடுகிறது, அதனால் மூன்று ஸ்கூப் போடுகிறேன் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கிட்னிப் பிரச்சினை இருந்தால் பவுடர் பக்கமே டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள்.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுபவராக இருந்தால், ரத்தப் பரிசோதனைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தைராய்டு ரிசல்ட்டையே அது தப்பாகக் காட்டும், இல்லாத வியாதிக்கு இன்னொரு மாத்திரை சேர்ந்துகொள்ளும்.