அமெரிக்காவிலிருந்து வந்த ஐபோன் நம்ம ஊர் சிம்மை ஏற்க மறுத்தால்

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகன் பொங்கலுக்கு வந்தபோது, தான் வைத்திருந்த ஐபோன் 13-ஐ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். என் சிம்மைப் போட்டால் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று வருகிறது. ஒரு கடையில் சிப் வைத்துத் தருகிறோம், 3,500 ரூபாய் என்கிறார்கள். இன்னொருவர் ஆன்லைனில் பணம் கட்டி அன்லாக் செய்யலாம், 80 டாலர் ஆகும் என்கிறார். எதற்குக் கொடுப்பது? அவனிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது, ஆசையாகக் கொடுத்ததில் குறை சொல்வது போல ஆகிவிடுமே."

அம்மா, இரண்டுக்கும் கொடுக்காதீர்கள். கூச்சத்தை விட்டுவிட்டு அந்தத் தம்பியிடமே பேசுங்கள். உங்கள் கையில் இருக்கும் போனுக்குப் பூட்டு போட்டிருப்பது அவர் அங்கே பில் கட்டும் கம்பெனி, திறக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அவரிடம்தான் இருக்கிறது, அதற்குக் காசும் கிடையாது. போனில் எந்தக் கோளாறும் இல்லை. அவர் கொடுத்த பொருளில் குறை என்று அவரும் நினைக்க மாட்டார், அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், கொடுக்கிற அவசரத்தில் மறந்திருப்பார்.

அங்கே நிறையப் பேர் போனை முழு விலை கொடுத்து வாங்குவதில்லை. ஏடி அண்ட் டி, டி-மொபைல், வெரைசன் மாதிரி கம்பெனியிடம் எடுத்துக்கொண்டு, மாத பில்லோடு சேர்த்து 24 மாதம், 36 மாதம் என்று தவணை கட்டுகிறார்கள். தவணை முடிவதற்குள் வேறு கம்பெனி சிம்மைப் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகப் போடுவதுதான் இந்தப் பூட்டு. நம் ஊரில் பழக்கமில்லாததால் நமக்குப் புதிதாகத் தெரிகிறது. ஆனாலும் இங்கேயும் இருந்தது: 2008-ல் ஐபோன் 3ஜி முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தபோது ஏர்டெல், வோடபோன் இரண்டும் தங்கள் சிம் மட்டும் வேலை செய்யும்படிதான் விற்றார்கள், 2017-ல் வந்த ஜியோபோனிலும் ஜியோ சிம் தவிர வேறு ஏறாது.

இனி பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான். உங்கள் சிம்முக்குள் 15 இலக்கத்தில் ஒரு எண் எழுதப்பட்டிருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கம் நாடு, இந்தியா என்றால் 404 அல்லது 405, அமெரிக்கா என்றால் 310-ல் தொடங்கும் வரிசை. அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கம் கம்பெனி. சிம்மைப் போட்டதும் போன் இதைப் படித்து, தனக்கு அனுமதித்த கம்பெனிதானா என்று பார்க்கிறது. ஐபோனில் அந்த அனுமதி ஆப்பிள் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில், உங்கள் போனின் ஐஎம்இஐ எண்ணுக்கு (ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாள எண்) நேராகப் பதிவாகியிருக்கிறது. ரேஷன் கடையில் கார்டு நம் கையில் இருந்தாலும் பதிவு அவர்களிடம் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் போனை எத்தனை முறை ரீசெட் செய்தாலும், கம்ப்யூட்டரில் மாட்டி சாப்ட்வேரைப் புதிதாக ஏற்றினாலும், பழைய பூட்டே திரும்ப வந்து நிற்கிறது.

கடைக்காரர்களால் இதை உடைக்க முடியும் என்ற நம்பிக்கை மக்களுக்கு எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும், நான் இந்த போன் ரிப்பேர் தொழிலுக்கு வந்த புதிதில் அது உண்மையாகவே இருந்தது. அப்போது வெளிநாட்டிலிருந்து வந்த நோக்கியாக்களில் பல மாடல்களுக்கு, ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தால் அன்லாக் கோடை (பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணை) கணக்குப்போட்டுத் தரும் சின்ன சாப்ட்வேர் ஒன்று கடைக்குக் கடை இருந்தது. சிம் இல்லாமல் போனை ஆன் செய்து, முதலில் #, பிறகு நட்சத்திர பொத்தானை மூன்று முறை வேகமாகத் தட்டினால் ஒரு எழுத்து, நான்கு முறை தட்டினால் இன்னொரு எழுத்து, இரண்டு முறை தட்டினால் கூட்டல் குறி, அப்புறம் 15 இலக்கம், மறுபடி கூட்டல், 1, #. 'சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன் ஆஃப்' என்று திரையில் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தட்டுவோம், ஐந்து முறை தப்பாகப் போட்டால் அதற்கப்புறம் கோடையே ஏற்காது. அந்தப் போன்களில் பூட்டும் சாவிக் கணக்கும் போனுக்குள்ளேயே இருந்தன. இன்றைய ஐபோனில் அப்படி எதுவும் இல்லை, தட்டுவதற்கு ஒரு கோடும் கிடையாது.

அப்படியானால் 3,500 ரூபாய் சிப் என்ன செய்கிறது? காகிதம் மாதிரி மெல்லிய பட்டை அது, தங்க நிறப் புள்ளிகளோடு சிம்மின் அளவுக்கே இருக்கும். சிம் தட்டில் சிம்மோடு ஒட்டிவைத்துத் தள்ளினால், சிம்முக்கும் போனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, 'இது அமெரிக்க சிம்தான்' என்று போனிடம் பொய் சொல்கிறது. பூட்டு பூட்டியபடியே இருக்கும். ஆப்பிள் ஒவ்வொரு முறை இந்த ஓட்டையை அடைக்கும்போதும் சிக்னல் போய்விடும். சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெரியவருக்கு நானே இதை வைத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் போன் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது, வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் வந்துகொண்டிருந்ததால் சிம் செத்துப்போனது அவருக்குத் தெரியவில்லை. வங்கியில் பணம் எடுக்கப்போய் ஓடிபி வராமல் நின்ற பிறகுதான் தெரிந்து, நேராக என்னிடம் வந்தார். அவர் கோபப்படக்கூட இல்லை, எனக்குத்தான் தாங்கவில்லை. அன்றோடு நான் சிப் வைப்பதை விட்டுவிட்டேன், உங்கள் வயதில் பென்ஷன் கணக்கும் கேஸ் புக்கிங்கும் அந்த ஒரு எண்ணில் இருக்கும் என்பதால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

80 டாலர் கேட்கிறவர் கதை வேறு. ஆப்பிளின் பதிவை மாற்றச் சொல்ல அந்த போன் கம்பெனிக்கு மட்டுமே முடியும் என்று ஆனபிறகு, வெளியாள் எப்படி மாற்றுவார்? ஒன்று, பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போவார். இல்லையென்றால் கம்பெனிக்குள் ஆள் பிடித்திருப்பார். இது நான் சும்மா சொல்வதில்லை, அமெரிக்க நீதிமன்றத்தில் நிரூபணமான வழக்கே இருக்கிறது. பாகிஸ்தானைச் சேர்ந்த ஒருவர் 2012-லிருந்து சில ஆண்டுகள், வாஷிங்டன் மாநிலத்தில் ஏடி அண்ட் டி கால் சென்டர் ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்து, கிட்டத்தட்ட 19 லட்சம் போன்களை அன்லாக் செய்ய வைத்தார். கம்பெனிக்கு நஷ்டம் 20 கோடி டாலருக்கு மேல். 2021-ல் அவருக்கு 12 ஆண்டு சிறை விதித்தார்கள். அத்தனை பெரிய ஆளுக்கும் பூட்டைப் போனில் உடைக்க வழி கிடைக்கவில்லை, கம்பெனிக்காரர்களிடம்தான் போக வேண்டியிருந்தது பாருங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் போனில் செட்டிங்ஸ், அதில் ஜெனரல், அதில் அபவுட் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போங்கள், 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் பூட்டு இல்லை, பிரச்சினை சிம்மில். 'சிம் லாக்டு' என்றால் நான் சொன்னதுதான். அப்புறம் போன் டயல் பக்கத்தில் *#06# தட்டினால் ஐஎம்இஐ எண்கள் வரும், அதை அப்படியே படம் பிடித்துத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். டயல் பக்கம் வராவிட்டால் சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள், ஐபோன் 13-ல் தட்டின் மேலேயே பொடி எழுத்தில் பொறித்திருக்கும்.

அவர் செய்ய வேண்டியது, தன் கம்பெனியின் வெப்சைட்டிலோ கஸ்டமர் கேரிலோ அன்லாக் கோரிக்கை கொடுப்பது. தவணை முழுதும் கட்டி முடித்திருக்க வேண்டும், போன் திருட்டுப்போனதாகப் புகார் இருக்கக் கூடாது, குறிப்பிட்ட நாள் அந்த நெட்வொர்க்கில் ஓடியிருக்க வேண்டும். மாத பில் கட்டுகிறவர்களுக்கு ஏடி அண்ட் டியில் 60 நாள், டி-மொபைலில் 40 நாள் என்பது பல வருடமாக இருக்கும் வழக்கம், ப்ரீபெய்டு என்றால் இன்னும் நீளும், டி-மொபைலில் 365 நாள் வரை. வெரைசனில் 60 நாள் கழிந்ததும் தானாகவே திறந்துவிடும் என்பது 2019-லிருந்து பல ஆண்டுகள் இருந்தது. விதிகள் அவ்வப்போது மாறுவதால் அவர் கேட்கும் அன்றைக்கு என்ன என்று பார்த்துக்கொள்ளட்டும். தவணை பாக்கி இருந்தால் மொத்தமாகக் கட்டிவிட்டுக் கேட்கலாம், ஆனால் 'போன் இலவசம்' என்ற சலுகையில் எடுத்திருந்தால் மாதாமாதம் பில்லில் கழித்துக்கொண்டு வரும் தள்ளுபடி நின்றுபோக வாய்ப்பு உண்டு, அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அன்லாக் செய்வதில் சட்டச் சிக்கலும் இல்லை. 2013 ஜனவரியில் அனுமதியில்லாமல் அன்லாக் செய்வது அங்கே சட்டவிரோதம் என்று ஆகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளை மாளிகைக்கு மனுவில் கையெழுத்திட்டு, 2014 ஆகஸ்டில் ஒபாமா கையெழுத்தோடு அன்லாக் செய்யும் உரிமை சட்டமாகத் திரும்பி வந்தது. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டிய போனை விற்கவே கூடாது. டொராண்டோவிலோ லண்டனிலோ அதற்கப்புறம் வாங்கிய போன் என்றால் இந்தத் தலைவலியே கிடையாது.

கம்பெனி சரி என்று சொன்னபிறகு, வைஃபையை ஆன் செய்துவிட்டு உங்கள் சிம்மைப் போடுங்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். அப்படியும் வரவில்லை என்றால் போட்டோக்களை எல்லாம் பேக்கப் எடுத்துக்கொண்டு ஒருமுறை முழுதும் அழித்துப் புதிதாகத் தொடங்கினால் ஆப்பிளிடமிருந்து புது அனுமதி இறங்கும். ஆனால் அழிப்பதற்கு முன்னால் ஒன்று, அந்தத் தம்பி தன் ஆப்பிள் கணக்கிலிருந்து (முன்பு ஆப்பிள் ஐடி என்பார்கள்) அந்தப் போனில் வெளியேறிவிட்டாரா என்று உறுதிசெய்யுங்கள். அது முற்றிலும் வேறு பூட்டு, திருட்டைத் தடுப்பதற்கானது. அவர் பாஸ்வேர்டு இல்லாமல் அழித்துவிட்டால் போன் முதல் திரையைத் தாண்டாது, அப்புறம் நடுராத்திரியில் அவரை எழுப்ப வேண்டியிருக்கும்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் பல மாடல்களில் கம்பெனி ஒரு கோடு கொடுக்கும், வேறு சிம்மைப் போட்டதும் போனே அதைக் கேட்கும். ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள், முயற்சிகளுக்கு எண்ணிக்கை உண்டு. வெளிநாட்டில் வாங்கிய சாம்சங்கில் கம்பெனிப் பூட்டு இல்லாமலேயே பிராந்தியப் பூட்டு என்று ஒன்று இருக்கலாம், வாங்கிய நாட்டின் சிம்மைப் போட்டு முதலில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசினால் அது விலகிவிடும். பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே அது எழுதியிருக்கும்.

தவணை இன்னும் ஒரு வருடம் பாக்கி, இப்போது கட்ட வசதியில்லை என்று அவர் சொன்னாலும் போனைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். உங்கள் சிம் பழைய போனிலேயே இருக்கட்டும், ஐபோனை வீட்டு வைஃபையிலோ பழைய போனின் ஹாட்ஸ்பாட்டிலோ போட்டால் வீடியோ கால், யூடியூப், கேமரா எல்லாம் முழுசாக வேலை செய்யும். வாட்ஸ்அப்பையும் உங்கள் எண்ணிலேயே அதில் வைத்துக்கொள்ளலாம், ஓடிபி பழைய போனுக்கு வரும். பூட்டு திறந்த அன்று சிம்மை மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, அடுத்த முறை வரும்போது பேத்திக்கும் ஒன்று வாங்கி வரச் சொல்லும் எண்ணம் இருந்தால், ஆப்பிள் கடையில் எந்தக் கம்பெனியோடும் சேர்க்காமல் முழு விலைக்கு வாங்கச் சொல்லுங்கள், 'பிறகு எந்தக் கம்பெனியிலும் இணைத்துக்கொள்கிறேன்' என்று ஒரு வாய்ப்பு அங்கேயே காட்டும். ஐபோன் 14-லிருந்து அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் தட்டு பெரும்பாலும் கிடையாது, இசிம் மட்டும்தான், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம். பேத்தியின் எண்ணை ஏர்டெல், ஜியோ, வி எதுவானாலும் இசிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதிலும் பூட்டு இருந்தால் நம் ஊர் இசிம் ஏறாது, சிப் வைக்கத் தட்டும் இருக்காது. அதனால் விமானம் ஏறுவதற்கு முன்னால் அபவுட் பக்கத்தில் அந்தக் 'கேரியர் லாக்' வரியைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.