காலை எட்டு மணிக்கு ஷிஞ்சுகுவில் பெட்டியோடா?

முழங்கால் வலியுள்ள அம்மாவோடும் இரண்டு பெரிய பெட்டிகளோடும், வாரநாள் காலை எட்டுக்கு டோக்கியோவின் ஷிஞ்சுகு நிலையத்திலிருந்து கியோட்டோ கிளம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நேரம் மட்டும் வேண்டாம். கைப்பையைக்கூடக் கீழே வைக்க முடியாத கூட்டம் அது. ஒன்பதரைக்கு மேல் கிளம்புங்கள்.

பெட்டிகளை முந்தின நாள் காலையே தக்யுபின் என்ற பெட்டி அனுப்பும் சேவையில் அனுப்பிவிடுங்கள். தங்கும் ஹோட்டலின் வரவேற்பிலேயே வாங்கிக்கொள்வார்கள். பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ ஹோட்டலுக்குப் போய்விடும். அம்மாவின் மாத்திரைகளும் ஒருநாள் துணியும் கையில் இருக்கட்டும். காசு பார்த்து நான் ஒருமுறை இழுத்துக்கொண்டே போனேன், லிஃப்ட் தேடியே அரை மணி நேரம் போயிற்று.

இல்லை, கூடவேதான் எடுத்துப்போவேன் என்றால் பெட்டியை அளந்து பாருங்கள். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டினால், கியோட்டோ போகும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் பெரிய பெட்டிக்கு இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். தவறினால் 1,000 யென் கட்டணம்.

அப்புறம், ஷின்கான்சென் ஏற டோக்கியோ நிலையம் வரை போகாதீர்கள். ஷிஞ்சுகுவிலிருந்து யமனோட்டே என்ற நகர ரயிலில் ஷினகாவா நிலையம் இருபது நிமிடம்தான். கியோட்டோ போகும் நொசோமி வகை ஷின்கான்சென் எல்லாமே அங்கே நிற்கும், நடையும் குறைவு. வலப்பக்க ஜன்னலான ‘E’ இருக்கை கிடைத்தால் அம்மாவுக்குக் கொடுங்கள். மேகம் இல்லையென்றால் ஃபுஜி மலை தெரியும்.